அம்மாவின் கணக்கில் கைரேகை வைத்துப் பணம் எடுத்திருக்கிறார்கள், ஒரு எஸ்எம்எஸ் கூட வரவில்லை. என்ன செய்வது?

செந்துறை மகன்:

எல்லோருக்கும் வணக்கம். அவசர உதவி தேவை.

நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். அம்மா செந்துறை பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறார். ஒரு பொதுத்துறை வங்கியில் அவருக்குச் சேமிப்புக் கணக்கு. மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி இரண்டும் அதில்தான் ஏறும். ஏடிஎம் கார்டு கிடையாது, யூபிஐ கிடையாது, கையில் இருப்பது பட்டன் போன். பக்கத்து ஊர் மினி பேங்கில் கைரேகை வைத்துத்தான் எப்போதும் பணம் எடுப்பார்.

நேற்று பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. 16ஆம் தேதி 1,000 ரூபாய் எடுத்தது சரி, அம்மாவே போய் எடுத்தார். ஆனால் அதே நாளில் இன்னொரு 9,000 ரூபாய் போயிருக்கிறது. அப்புறம் 27ஆம் தேதி 10,000 ரூபாய். இந்த இரண்டையும் எடுக்கவே இல்லை என்கிறார். 27ஆம் தேதி காய்ச்சலில் படுத்திருந்தார், வாசல் தாண்டவில்லை. மூன்று வரியிலும் ஏஇபிஎஸ் என்று போட்டு 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது.

யாரும் போன் செய்து ஓடிபி கேட்கவில்லை. பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை. கிளையில் கேட்டால், "கைரேகை வெச்சுதான் எடுத்திருக்கு, உங்க அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் போகும்? திரும்பக் கிடைக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:

தம்பி, இதைப் படித்ததும் முதலில் 1930க்குப் போன் செய்யுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நீங்களே பதியலாம். பாஸ்புக்கில் இருக்கும் 12 இலக்க எண்கள், தேதி, தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக எடுத்துவிட்டார்களே, இனி எதை நிறுத்துவது என்று நினைக்க வேண்டாம். ஏஇபிஎஸ் என்பது ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் முறை. அதில் வாடிக்கையாளரின் கணக்கில் கழியும் தொகை, பணம் கொடுத்த முகவரின், அதாவது மினி பேங்க் நடத்துபவரின், கணக்குக்கு வரவாகப் போகும். அந்த வரவு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் அதை முடக்க முடியும். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஓடிபி பற்றிக் கேட்டீர்கள். இந்த முறையில் ஓடிபியும் கிடையாது, பின் நம்பரும் கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை. மூன்றும் பொருந்தினால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவ வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் தவறு நடந்தால் உடனே தெரிவிப்பதற்கு அந்த எஸ்எம்எஸ்ஸைத் தவிர வேறு எச்சரிக்கை மணி கிடையாது. அது ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். வங்கிப் பதிவில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று கேட்டீர்களா?

மினி பேங்க் நடத்துபவன்:

நானும் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். அம்மாவிடம் இதைக் கேளுங்கள்: 16ஆம் தேதி "ரேகை பதியலைம்மா, இன்னொரு தடவை வைங்க" என்று அந்த ஆள் சொன்னாரா? ரசீது கொடுத்தாரா?

முதல் தடவை 1,000 எடுத்துக் கொடுத்துவிட்டு, பதியவில்லை என்று சொல்லி இரண்டாவது தடவை வேறு தொகையைப் போட்டு விரல் வைக்கச் சொல்வது இந்தத் தொழிலில் நடக்கிற பழைய திருட்டு. திரையில் என்ன தொகை இருக்கிறது என்று பெரியவர்கள் பார்ப்பதில்லை.

அதே சமயம் நியாயமாகவும் சொல்ல வேண்டும். களை பறித்து, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள் உண்மையிலேயே பதியாது. என் கடையில் பாதிப் பேருக்கு இரண்டு தடவையாவது வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டாவது தடவை வைக்கச் சொன்னார் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. ரசீது தராமல் அனுப்பியதும், சில நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பணம் கழிந்திருப்பதும் சேர்ந்தால்தான் சந்தேகம் வலுக்கும். பதியாத ஒவ்வொரு முயற்சிக்கும் தோல்வி என்று ஒரு சீட்டு வரும், அதையும் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று. முகவர்களைச் சேர்க்கும் வங்கிகள் அவர்களை முறையாகச் சரிபார்க்க வேண்டும், பரிவர்த்தனைகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 27 அன்று தனி உத்தரவே போட்டது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆகவே முகவர் யார் என்று தெரியாது என எந்த வங்கியும் உங்களிடம் சொல்ல முடியாது. அந்த 12 இலக்க எண்ணை வைத்து எந்த வங்கியின் முகவர், எந்த இயந்திரம் என்று எடுத்துவிடலாம்.

செந்துறை மகன்:

1930ல் பதிந்துவிட்டேன், ஒப்புகை எண் வந்துவிட்டது. நன்றி ஐயா.

அம்மாவிடம் கேட்டேன். 16ஆம் தேதி விரலை இரண்டு மூன்று தடவை வைக்கச் சொன்னாராம். ரசீது எப்போதுமே கொடுப்பதில்லையாம்.

மொபைல் எண் விஷயமும் தெரிந்துவிட்டது. வங்கியில் இருப்பது அம்மா முன்பு வைத்திருந்த எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது எப்போதோ போய்விட்டது. இப்போது கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார், இந்தியில் பேசுகிறார். ஆதாரில் மட்டும் இப்போதைய எண் இருக்கிறது, கேஸ் இணைப்புக்காக மாற்றியது.

விருதை வாசகி:

அப்படியானால் அம்மாவின் எஸ்எம்எஸ் எல்லாம் இத்தனை நாளாக அந்த முகம் தெரியாத ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது! துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வங்கிக்கு அது தானாகத் தெரியாது. நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு.

ஆதாரில் சரியான எண் இருப்பது பெரிய நிம்மதி. இன்றைக்கே மைஆதார் தளத்தில் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி போட்டு உள்ளே போய், அங்கீகார வரலாறு என்ற பகுதியைப் பாருங்கள். கடந்த 6 மாதத்தில் அம்மாவின் ஆதாரை எந்த நாள், எந்த நேரம், எந்த அமைப்பு, விரல் ரேகையா ஓடிபியா எந்த முறையில் சரிபார்த்தது என்று வரிசையாக இருக்கும். பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுங்கள். பாஸ்புக்கில் தேதி மட்டும்தான், இதில் நிமிடம் வரை இருக்கும்.

அதே தளத்தில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் யார் கைரேகையை நகல் எடுத்து வைத்திருந்தாலும் ஆதார் ஏற்காது. ரேகை நகல் என்பது கற்பனை இல்லை. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையிலிருந்து அச்சு செய்து சிம் கார்டு வாங்கிய வழக்கு 2018ல் தெலங்கானாவில் வந்தது. 27ஆம் தேதி பணம் போனது அந்த மாதிரி இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

காவிரிக்கரை:

எதற்கு இத்தனை சுற்று? வங்கிக் கணக்கிலிருந்து ஆதாரையே எடுத்துவிடச் சொல்லுங்கள். வேர் இருந்தால்தானே முளைக்கும்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:

காவிரிக்கரை நண்பரே, அதை மட்டும் செய்ய வேண்டாம். நூறு நாள் வேலைக் கூலி ஆதார் வழியாகத்தான் கணக்கைத் தேடி வருகிறது. இணைப்பை எடுத்தால் அந்த அம்மாவின் கூலி நின்றுவிடும், மறுபடி இணைக்க அலைய வேண்டும்.

பணம் வரும் வழி வேறு, கைரேகையில் பணம் போகும் வழி வேறு. பல வங்கிகளில் போகும் வழியை மட்டும் நிறுத்தலாம். "என் கணக்கில் ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுக்கும் வசதியை நிறுத்தவும்" என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். தேவைப்படும்போது கிளைக்கே போய் எடுக்கட்டும், அல்லது ஒரு ரூபே கார்டு வாங்கிக் கொடுங்கள்.

விருதை சகோதரி சொன்ன பூட்டும் நல்லதே. ஒரு சங்கடம்: ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போது பூட்டு இருந்தால் ஏற்காது, பிழை எண் 330 என்று வரும். போகும் முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும், 10 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு அது கஷ்டம். மகன் திருப்பூரிலிருந்து திறந்துவிடலாம், ஆனால் ஓடிபியை அம்மா போனில் படித்துச் சொல்ல வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று பழக்கிவிட்டு அதையே சொல்ல வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே வங்கியில் ஏஇபிஎஸ் நிறுத்தம்தான் இவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அது நடக்கும் வரை பூட்டைப் போட்டு வையுங்கள்.

இனி கிளைக்கு எழுதும் கடிதம். வாய்மொழியாக எதுவும் பேச வேண்டாம். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று அது சொல்கிறது. வங்கியின் குறையால் நடந்தது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. இருவர் மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்தது என்றால், தகவல் கிடைத்த நாளைக் கழித்துவிட்டு 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும். 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் வாடிக்கையாளர் தலையில் விழும். அதற்கு மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படி.

கவனியுங்கள், நாள் கணக்கு தொடங்குவது வங்கி அனுப்பிய தகவல் கிடைத்ததிலிருந்து. அம்மாவுக்குத் தகவலே கிடைக்கவில்லை, பாஸ்புக் பதிந்த அன்றுதான் தெரிந்தது என்று தெளிவாக எழுதுங்கள். பழைய எண் பதிவில் கிடந்தது ஏன் என்று வங்கி எதிர்வாதம் வைக்கும். அதற்குத் தயாராக இருங்கள், மறைக்கவும் வேண்டாம்.

கிளையில் சொன்னார்களே, "உங்க அம்மாவைக் கேளுங்க" என்று. அது பதில் ஆகாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது, அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. புகார் வந்த 10 வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்துவிட்டு, 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். கடித நகலில் தேதி போட்டு முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.

செந்துறை மகன்:

லீவு போட்டு ஊருக்கு வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டேன்.

ஆதார் வரலாற்றில் 16ஆம் தேதி காலை 11:04, 11:08 என்று இரண்டு விரல் ரேகைப் பதிவு, இரண்டுமே வெற்றி. ஒன்று பதியாமல் போனதாக எதுவும் இல்லை. 27ஆம் தேதி இரவு 8:40க்கு ஒன்று. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் மினி பேங்க் எதுவும் திறந்திருக்காது, அம்மா வீட்டில் இருந்ததற்குப் பக்கத்து வீட்டு அத்தை சாட்சி. அச்செடுத்துக் கடிதத்தோடு வைத்தேன்.

மேலாளர் முதலில் வாங்கத் தயங்கினார். 2017 சுற்றறிக்கை என்ற வரியைப் படித்ததும் உட்காரச் சொன்னார். முத்திரை போட்டுக் கொடுத்தார். ஏஇபிஎஸ் நிறுத்தியாகிவிட்டது, மொபைல் எண்ணும் மாற்றியாகிவிட்டது. இயந்திர விவரம் கேட்டு எழுதுவதாகச் சொன்னார்.

இரண்டு சந்தேகம். எஸ்எம்எஸ் என் எண்ணுக்கு வரும்படி வைத்திருக்கலாமோ? அப்புறம், நேற்றிலிருந்து ஒருவர் தனிச்செய்தியில் "பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் 499" என்று அனுப்புகிறார்.

விருதை வாசகி:

அந்த 499 ஆளை உடனே பிளாக் செய்யுங்கள். 1930க்கும் சரி, வங்கிப் புகாருக்கும் சரி, ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் இழந்தவர்களைத் தேடி வந்து மறுபடி உருவுகிறவர்கள் இவர்கள். வங்கி உதவி எண்ணையும் கூகுளில் தேடி எடுக்க வேண்டாம், பாஸ்புக்கில் அச்சடித்திருப்பதையே பயன்படுத்துங்கள்.

எஸ்எம்எஸ் அம்மாவின் எண்ணுக்கே வரட்டும். கணக்கு அவருடையது, ஓடிபியும் அவர் கையில் இருப்பதுதான் முறை. உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் வங்கியில் உங்கள் மின்னஞ்சலைப் பதியச் சொல்லுங்கள், பரிவர்த்தனைத் தகவல் அதற்கும் வரும். ஆதாரிலும் மின்னஞ்சல் சேர்த்தால் விரல் ரேகை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அஞ்சல் வரும். அதை ஆதார் மையத்தில் செய்துகொள்ளலாம்.

மினி பேங்க் நடத்துபவன்:

அம்மாவின் எண்ணில் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெசேஜ் பெட்டி நிறைந்துவிட்டால் பல பட்டன் போன்களில் புது எஸ்எம்எஸ் உள்ளே வராது, ஊருக்குப் போகும்போதெல்லாம் பழையதை அழித்துவிடுங்கள். மே கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிந்தால் பயப்பட வேண்டாம், பிரதமர் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் அது. கேட்காமலே சேர்த்திருந்தால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்:

11:04, 11:08 என்ற அந்த நேரங்கள் 9,000க்கு நல்ல சான்று தம்பி. காவல் நிலையத்தில் கேட்டால் அதையும் கொடுங்கள். 10,000 ரூபாய் எந்த இயந்திரத்தில் போனது என்று வங்கி சொல்லும் வரை அதைத் தனிப் புகாராகவே நடத்துங்கள், இரண்டையும் ஒரே ஆள் செய்ததாக எழுதிவிட்டால் ஒன்று தள்ளுபடி ஆகும்போது மற்றதும் போய்விடும்.

முத்திரை போட்ட தேதியிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் தளத்தில் இலவசமாகப் பதியலாம், விவரம் கேட்க 14448. 10 வேலை நாள் முடிந்ததும் தற்காலிக வரவு வந்ததா என்று பாஸ்புக் பதிந்து பார்த்து இங்கே எழுதுங்கள். வரவில்லை என்றால் நினைவூட்டல் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.