பகைக் குலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள்: ஸ்காட்லாந்துக் காதல் நாவல்களும் எங்கள் வாசிப்பு அனுபவங்களும்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கால் எலும்பு முறிந்து ஆறு வாரங்கள் கட்டிலோடு கிடந்தேன். பொழுது போகட்டும் என்று என் மகள் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கி வந்த ஆங்கில நாவல்களில் பாதிக்கு மேல், சட்டையில்லாத ஓர் ஆண் மலையுச்சியில் காற்றுக்கு முகங்காட்டி நிற்கும் அட்டையைக் கொண்டவை. அந்த அட்டைகளைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டுதான் வாசித்தேன் என்பதையும், எழுந்து நடப்பதற்குள் பதினொரு நாவல்களை முடித்துவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதையமைப்பு ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் இரண்டு குலங்கள். மாடு திருடியதில் தொடங்கிக் கொலையில் முற்றி மூன்று தலைமுறைகளாக நீளும் பகை. இரு தரப்பும் ஓயட்டும் என்று அரசன் கட்டளையிடும் திருமணம். எனக்குப் பிடித்தது எப்போதும் முதல் பாதி. தன் அண்ணனைக் கொன்றவர்களின் கோட்டைக்கு ஒரு பெண் தன் பெட்டியோடு வந்து இறங்குகிறாள்; சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது, சமையற்கட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு, தன்னைப் பார்த்ததும் ஏன் பேச்சு நின்றுபோகிறது என்று ஒவ்வொன்றாக அறிந்துகொள்கிறாள். வாழ்க்கைப்படுதல் என்ற நம் சொல்லின் முழுப் பொருளும் அந்தப் பக்கங்களில் இருந்தது. இரண்டாம் பாதியில் அவன் அவளை ஒரு முறை காப்பாற்றுவான், அவள் அவனை ஒரு முறை காப்பாற்றுவாள், பகை பனிபோல் கரைந்துவிடும். அங்கே நான் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன்.

இப்படி நடந்ததுண்டா என்று தேடியபோதுதான் காடோர் கோட்டையின் முரியலைப் பற்றி அறிந்தேன். தந்தையை இழந்து, பெருஞ்சொத்துக்கு ஒற்றை வாரிசாக நின்ற அந்தக் குழந்தையை 1499ஆம் ஆண்டில் கேம்ப்பெல் குலத்தார் தூக்கிச் சென்றனர். பின்னாளில் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து இவள்தான் முரியல் என்று யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக, வளர்த்த செவிலி அவளுடைய சிறுவிரலின் நுனியைக் கடித்து எடுத்து அடையாளம் வைத்தாள் என்று ஒரு மரபுக்கதை சொல்கிறது. 1510இல், இன்றைய கணக்கில் பள்ளிச் சிறுமியாக இருந்திருக்க வேண்டிய வயதில், ஆர்கைல் பிரபுவின் மகனான ஜான் கேம்ப்பெலுக்கு அவளை மணம் முடித்தார்கள். கோட்டையும் நிலமும் கேம்ப்பெல்களின் கைக்குப் போயின. நாவலாக இருந்தால் இது மூன்றாவது அத்தியாயம்.

இதே ஜான் கேம்ப்பெலுக்கு ஒரு சகோதரி இருந்தாள். அவளை டூவர்ட் கோட்டையின் மெக்லேன் குலத்தலைவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்றோ வேறெந்த வெறுப்பினாலோ, கணவன் அவளை மல் தீவுக்கும் லிஸ்மோர் தீவுக்கும் இடையே, கடலேற்றத்தில் மூழ்கிவிடும் ஒரு பாறையில் இறக்கி விட்டுவந்தான் என்றும், மீனவர்கள் அவளைக் காப்பாற்றிப் பிறந்த வீட்டில் சேர்த்தார்கள் என்றும் அந்தக் கரையோர மக்கள் இன்றும் சொல்கிறார்கள். மனைவி இறந்துவிட்டாள் என்று துக்கம் காட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனவனை, அவளே பந்தியில் அமர்ந்து எதிர்கொண்டாளாம். கதையில் எவ்வளவு உப்பும் காரமும் சேர்ந்திருந்தாலும் ஒன்று மட்டும் உறுதி: 1523இல் எடின்பரோவில் அந்த மெக்லேனைக் கொன்றவர் இந்த ஜான் கேம்ப்பெல்தான். ஒரு சிறுமியைத் தூக்கிவந்து மணம் முடித்த குடும்பமே, தன் வீட்டுப் பெண்ணுக்கு இழைத்த தீங்குக்கு இரத்தப்பழி வாங்கியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்த நாவல்களைப் பழையபடி வாசிக்க முடியவில்லை. ஆனால் வாசிப்பதை நிறுத்தவும் முடியவில்லை. உங்களில் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் உண்டா?

*

அம்மா, உங்களுக்கு நேர்ந்தது எனக்கு நேர்மாறாக நேர்ந்தது. நான் இடத்தை முதலில் பார்த்தேன். நாவல் பிறகுதான் வந்தது. கிளாஸ்கோவில் இரண்டு ஆண்டுகள் படித்தபோது, ஒரு பிப்ரவரி மாதத்தில் நண்பர்களோடு கிளென்கோ பள்ளத்தாக்குக்குப் பேருந்தில் சென்றேன். இருபுறமும் மலைகள் நெருங்கி நிற்க, பிற்பகல் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. கையுறை இல்லாமல் ஐந்து நிமிடம் நின்றதில் விரல்கள் மரத்துப்போயின. 1692ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் விடியலுக்கு முன்பு, இதே குளிரில் இரவு உடையோடு பெண்களும் குழந்தைகளும் மலை ஏறி ஓடினார்கள் என்பதை அங்கே நின்றபோதுதான் உடலால் உணர்ந்தேன்.

அந்த நிகழ்ச்சியைக் கேம்ப்பெல்களுக்கும் மெக்டொனால்ட்களுக்கும் இடையிலான குலப்பகையின் உச்சமாகவே நான் பின்னர் வாசித்த நாவல்கள் காட்டின. பழைய மாட்டுத் திருட்டுகளும் வஞ்சினமும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் கொன்றவர்கள் அரசுப் படையினர். வில்லியம் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க 1692 ஜனவரி 1 கெடு நாளாக இருந்தது. கிளென்கோ மெக்டொனால்ட்களின் தலைவர் முதலில் தவறான இடத்துக்குப் போய், பின் பனியில் இன்வரரே வரை அலைந்து, 6ஆம் தேதிதான் உறுதிமொழி அளித்தார். அந்தச் சில நாள் தாமதம் போதுமானதாயிற்று. ஸ்காட்லாந்தின் அமைச்சராக இருந்த ஜான் டால்ரிம்பிளின் விருப்பமும், மன்னரின் கையொப்பமும், படை அதிகாரிகளின் கட்டளையும் சேர்ந்து ஏறத்தாழ 120 வீரர்களை அந்தப் பள்ளத்தாக்குக்கு அனுப்பின. அவர்கள் எல்லாருமே கேம்ப்பெல்கள் அல்லர். தலைமை தாங்கிய ராபர்ட் கேம்ப்பெல் ஒருவரின் பெயரே முழுக் குலத்துக்கும் பழியைத் தேடித் தந்துவிட்டது.

ஏறத்தாழ இரு வாரங்கள் அந்த வீரர்கள் மெக்டொனால்ட்களின் வீடுகளில் தங்கி, அவர்கள் போட்டதை உண்டு, அவர்களோடு சீட்டாடினார்கள். பிறகு ஒரு விடியலில் 38 பேரைக் கொன்றார்கள். நம்பிக்கையைப் பயன்படுத்திச் செய்யும் கொலை என்று அந்நாட்டுச் சட்டத்தில் இதற்குத் தனிப்பெயரே இருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தல் என்று நம்மவர் சொல்வதைத்தான் அவர்கள் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்று அன்று தோன்றியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ராபர்ட் கேம்ப்பெலின் உறவுப் பெண் ஒருத்தி மெக்டொனால்ட் தலைவரின் மகனுக்கு மனைவியாக அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்துகொண்டிருந்தாள். வந்த படைத்தலைவன் அவளுக்கு விருந்தாளி மட்டுமல்லன், பிறந்த வீட்டு மனிதனும்கூட. அந்த இரு வாரங்களில் அவள் எத்தனை முறை அவனுக்கு உணவு பரிமாறியிருப்பாள்! படுகொலையை மையமாக வைத்த மூன்று நாவல்களை வாசித்துவிட்டேன். மூன்றிலும் கற்பனையான ஒரு நாயகியும் கற்பனையான ஒரு வீரனும் பனியில் தப்பி ஓடுகிறார்கள். உண்மையில் இரு குலத்துக்கும் உரியவளாக அங்கே இருந்த அந்தப் பெண்ணுக்கு எதிலும் ஒரு பக்கம்கூட இல்லை.

*

என் குறை சிறியது. பதினான்காம் நூற்றாண்டு நாயகன் தன் குலத்துக்கே உரிய கட்டங்கள் போட்ட, பாவாடை போன்ற கில்ட் அணிந்து குதிரையில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இடுப்பில் மட்டும் கட்டும் சிறிய கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வந்தது. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற வரையறை பெரும்பாலும் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்ததை ஒட்டிய கொண்டாட்டங்களுக்குப் பிறகு ஊன்றிப்போனது. மேலும், அந்த மலைநாட்டார் பேசியது கேலிக் மொழி. நாவலில் வருபவர்களோ தாழ்நிலத்து ஆங்கில வழக்கில் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பெயரில் கேலி இருக்கிறது என்பதற்காக இப்படியா செய்வது?

*

மேலே எழுதிய ஐயாவின் நகைச்சுவையை ரசித்தேன். ஆனால் உடையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பெண்ணைத் தூக்கிச் செல்வதை இந்த நாவல்கள் காதலின் முன்னுரையாக மாற்றிவிடுவது. கல்லூரி நாட்களில் நானும் அதைக் கிளர்ச்சியோடு வாசித்தவள்தான் என்பதால் இதைக் குற்றச்சாட்டாக மட்டும் எழுதவில்லை. நாயகன் குதிரையில் அவளை இழுத்துப் போட்டுக்கொண்டு போவான். வழியில் தன் கம்பளத்தை அவளுக்குப் போர்த்துவான். அந்தக் கம்பளத்துக்காக நாங்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவோம்.

மலைநாட்டின் புகழ்பெற்ற சட்டமறுப்பாளரான ராப் ராய் மெக்ரிகரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருடைய மகன்களில் ஒருவனான ராபின், 1750இல் தன் சகோதரர்களோடும் ஆட்களோடும் ஜீன் கே என்ற இளம் கைம்பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து, அவளைத் தூக்கிச் சென்று கட்டாயத் திருமணம் செய்துகொண்டான். அவளிடம் சொத்து இருந்தது, காரணம் அவ்வளவுதான். அவள் மீட்கப்பட்டாள், மறு ஆண்டே இறந்துபோனாள். ராபினை 1754இல் எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். நான் இதை வாசித்தது ஒரு மழை நாளில், இதே கதையமைப்புக் கொண்ட ஒரு நாவலின் நடுவில். நாவலை மூடி வைத்தேன். இன்றுவரை அதன் முடிவு எனக்குத் தெரியாது.

அதற்காக எல்லா நாவல்களையும் ஒரே கூடையில் போட மாட்டேன். கட்டாயத் திருமணத்தில் தொடங்கினாலும், கணவன் விரும்பத்தக்கவனாக மாறிய பிறகும் அவள் தன் அண்ணனின் சாவை மறக்காமல் அவனிடமே அதைப் பற்றிப் பேசும் ஒரு நாவலைப் படித்திருக்கிறேன். மன்னிப்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட காலத்தை ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. இன்னும் இரண்டு முறை வாசிப்பேன்.

*

முதலில் எழுதியவள் மீண்டும் வருகிறேன். தங்கை சொன்ன மெக்ரிகர் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குலப்பகையைத் தாண்டி உண்மையிலேயே காதலித்தவர்கள் எவரும் இல்லையா என்று நான் தேடியபோது கிடைத்த ஒரே விடை அந்தக் குலத்தில்தான் இருந்தது.

மரியன் கேம்ப்பெல் என்பவள் கிளென்லயன் கேம்ப்பெல்களின் மகள். தன் குலத்தார் வேட்டையாடிக்கொண்டிருந்த கிரிகர் மெக்ரிகரை அவள் மணந்தாள். 1570 ஏப்ரல் 7ஆம் நாள், அவளுடைய சொந்தக் குலத்தாரே அவனைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். அவள் பாடியதாகக் கேலிக் மொழியில் வழங்கும் பாடல் கைக்குழந்தையை உறங்கவைக்கும் தாலாட்டு. அதே மூச்சில் கணவனுக்கான ஒப்பாரி. இடையிடையே தன் பிறந்த வீட்டாருக்கே இடும் சாபம். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே தாயின் வாயில் பிறப்பது நமக்குப் புதிதல்ல என்றாலும், இரண்டையும் ஒரே பாட்டில், ஒரே குழந்தையின் தலைமாட்டில் வைத்துப் பாடியதைக் கேட்டபோது, மொழி புரியாமலே ஒலிப்பதிவை மூன்று முறை திருப்பிப் போட்டேன்.

நாவலாசிரியர்கள் இந்தக் கதையை அவ்வளவாகத் தொடாததன் காரணம் எனக்கு விளங்குகிறது. அவர்களுடைய கதை மணவறையில் முடிகிறது. மரியனின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவளுடைய மகன்களில் ஒருவன் அலஸ்டர். வளர்ந்து குலத்தலைவனாகி, 1603இல் கிளென் ஃப்ரூயினில் கொல்குஹூன் குலத்தாரை முறியடித்தவன் அவன்தான். அதற்குத் தண்டனையாக மெக்ரிகர் என்ற பெயரைச் சுமப்பதையே அரசு தடைசெய்தது. அந்தத் தடை முழுமையாக நீங்கியது 1774இல். அலஸ்டரையோ அந்தச் சண்டைக்கு மறு ஆண்டே, 1604இல், எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள்.