புதுப்பிப்பு: சூடானால் கலப்பையைத் தூக்காத மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் சரியாகிவிட்டது

தம்பலகாமத்தில் வயல் உழும் எங்கள் பழைய 135, எண்ணெய் சூடானதும் கலப்பையைத் தூக்க மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

கலப்பையைத் தூக்க எண்ணெயை அழுத்தி அனுப்பும் ஹைட்ரோலிக் பம்பு தேய்ந்திருக்கும் என்றுதான் பலர் சொன்னீர்கள். கைகொடுத்தது மூதூர் அண்ணர் சொன்ன சோதனை: கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்தியதும் மளமளவென்று இறங்கிவிட்டது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். பிறகு பாரத்தைத் தாங்குவது சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெய்தான். அதனால் கசிவு அந்தப் பக்கம் இருக்கும் என்று சந்தேகித்தோம். பக்க மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தபோது பிஸ்டன் ஓரமாக எண்ணெய் வழிவது நன்றாகத் தெரிந்தது. செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) போட்டு மேல்மூடியைத் தூக்கினோம். பிஸ்டன் சீல் இறுகி, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதை மாற்றினோம். பம்பில் கை வைக்கவே இல்லை.

எதிர்பாராதது, எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்ததுதான். கியர் தடியின் ரப்பர் உறை வெடித்து, அதனூடாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த மாடலில் கியர்பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அதனால் முழுவதையும் வடித்து, பம்பின் வடிகட்டியையும் கழுவினோம்; அதில் சேறு அப்பியிருந்தது.

இப்போது சூட்டிலும் தூக்குகிறது, எஞ்சினை நிறுத்தினாலும் கலப்பை மேலேயே நிற்கிறது. சோதிப்பவர்கள் தூக்கிய கலப்பைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், சொல்லாமல் இறங்கும்.