ஆவிக்குரிய வளர்ச்சி இருக்கா இல்லையான்னு எதை வைச்சுப் பார்க்கிறது?

பெத்தானியா_23
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திடப்படுத்தல் (சபையில முழு உறுப்பினரா ஏத்துக்கிற சடங்கு) எடுத்துப் பல வருஷம் ஆச்சு. ஞாயிறு ஆராதனை, வாலிபப் பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு எதையும் விடுறதில்லை. ஆனா ஆரம்பத்துல ஜெபத்துல வந்த கண்ணீரும் சந்தோஷமும் இப்ப இல்லை. வேதவாசிப்பு வருஷா வருஷம் மூணாவது புத்தகமான லேவியராகமத்தோட நின்னுடுது. கோபம் அப்படியே இருக்கு. வளர்றேனா, தேங்கி நிக்கிறேனா? எதை வைச்சுக் கண்டுபிடிக்கிறது, எங்கே ஆரம்பிக்கிறது? "இன்னும் அதிகமா ஜெபம் பண்ணுங்க"ங்கிற பதில் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைச்சாச்சு.

நிருபங்கள்_வாசகன்
சகோதரி, கண்ணீரை வைத்து அளந்தால் கணக்கு தப்பிப்போகும். கொரிந்து சபையைப் பாருங்கள். ஆவியானவர் தரும் ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று அவர்களுக்கு எழுதின நிருபத்தில், 1 கொரிந்தியர் 1:7-ல், அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அதே ஆட்களைத்தான் 3:1-3-ல் குழந்தைகள் என்கிறார். காரணமாக அவர் காட்டுவது அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும். வரம் வேறு, வளர்ச்சி வேறு. பாடகர் குழுவில் இடம் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கலாத்தியர் 5:22, 23-ல் ஆவியின் கனி என்று அன்பு முதல் இச்சையடக்கம் வரை உள்ள ஒன்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "என்னிடம் அன்பு இருக்கிறதா" என்று மொத்தமாகக் கேட்டால் எல்லாருமே ஆமாம் என்போம். சின்ன இடங்களில் பிடிக்க வேண்டும். வீட்டில் சண்டை வந்தால் நீங்களாகப் போய்ப் பேச எத்தனை நாள் ஆகிறது? முன்பு ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தவர் இப்போது அன்று ராத்திரியே போய்ப் பேசுகிறார் என்றால், கோபம் வருவது நிற்காவிட்டாலும் அது வளர்ச்சிதான். கிறிஸ்துமஸ் கீதத்தில் உங்களுக்கு வர வேண்டிய தனிப்பாடலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அன்றைய ஆராதனை உங்களுக்கு எப்படிப் போகிறது? ஆயர் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் விளக்கம் சொல்ல வாய் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது?

இன்னொன்று பலரைக் குழப்புகிறது. வளர வளரத் தன் பாவம் பெரிதாகத்தான் தெரியும். 1 கொரிந்தியர் 15:9-ல் பவுல் அப்போஸ்தலரில் சிறியவன். எபேசியர் 3:8-ல் பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன். அதற்கும் பிந்தின நிருபமான 1 தீமோத்தேயு 1:15-ல் பாவிகளில் பிரதான பாவி. உங்கள் கோபம் உங்களை உறுத்துகிறது என்பது நல்ல அறிகுறியாகவே இருக்கலாம்.

தினமும் அளக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கூடவே குடியிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். "நீ தேறுகிறது யாவருக்கும் விளங்கும்படி" என்றுதான் 1 தீமோத்தேயு 4:15 சொல்கிறது. நமக்குத் தெரிவதற்கு முன்னால் வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

பென்சிலும்_வேதமும்
லேவியராகமத்தில் நிற்பது பக்திக் குறைவல்ல, திட்டத்தில் உள்ள குறை. 66 புத்தகத்திலும் சேர்த்து 1189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க நாளொன்றுக்கு மூன்று, நான்கு ஆகிறது. புத்தாண்டு ஆராதனை முடிந்து ஆதியாகமத்தில் ஆரம்பிப்பவர் அதில் 50, யாத்திராகமத்தில் 40 கடந்து ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்கு வந்து சேர்கிறார். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் முடிந்த கையோடு பலிகளின் பிரமாணம். இரண்டு நாள் விட்டால் ஏழு அதிகாரம் பாக்கி. பாக்கி ஏற ஏறக் குற்ற உணர்வு, அப்புறம் வேதத்தையே கையில் எடுப்பதில்லை.

புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். விட்டுப்போனதைப் பிடிக்க சனி, ஞாயிறு இருக்கிறது. ஒரே அதிகாரத்தை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை சத்தமாக, எங்கேயும் நிறுத்தாமல். இரண்டாவது தடவை பென்சிலோடு: யார் யாருக்குச் சொல்கிறார், "ஆகையால்" எங்கே வருகிறது, அதற்கு முன்னால் என்ன சொல்லியிருக்கிறது. கடைசியில் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம், அந்த நாளுக்குள் செய்யக்கூடியது. "இன்னும் பொறுமையாயிருக்கணும்" என்று எழுதிப் பிரயோஜனமில்லை. "சாயங்காலம் அத்தைக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்கணும்" என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று மறுநாள் தெரிந்துவிடும்.

ஜெபத்தில் வார்த்தை வராத நாட்களுக்குச் சங்கீதம். அன்றைய தேதியில் ஆரம்பித்து முப்பது முப்பதாகக் கூட்டுங்கள்: 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. முப்பது நாளில் 150-ம் முடியும். புகழ்ச்சி, புலம்பல், பாவ அறிக்கை எல்லாம் கலந்து வருவதால் வெறும் விண்ணப்பப் பட்டியலாக ஜெபம் சுருங்காது.

வாக்குத்தத்த அட்டையை (வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை) மட்டும் நம்பி வருஷத்தை ஓட்டுபவர்களுக்கு ஒன்று: நல்ல எதிர்காலத்துக்கு நம்பிக்கை தரும் எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனமே அவர்கள் ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அட்டையில் அது அச்சாவதில்லை.

சேவியர்_தியானி
இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்கும் பொருந்துகிற ஒரு முறையை, இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியார் தந்திருக்கிறார். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் "இன்று இதில் கவனமாக இருப்பேன்" என்று தீர்மானம். மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, கடந்த மணி நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் நோட்டில் போட்ட கோட்டின்மேல் ஒரு புள்ளி. நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. மதியக் கோட்டையும் இரவுக் கோட்டையும், நேற்றையும் இன்றையும், இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது ஐந்தாறு குறைகளை ஒரே நேரத்தில் பிடிப்பதில். புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள் என்றால் பசியும் களைப்பும்கூடக் காரணமாக இருக்கலாம்.

வறட்சி பற்றி. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் மூன்று அடையாளம் சொல்கிறார். இறைக்காரியங்களில் சுவை இல்லை, உலகக் காரியங்களிலும் சுவை இல்லை. கடவுளுக்குச் சரியாகப் பணி செய்யவில்லையே என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். முன்புபோலக் கற்பனையோடு தியானிக்க முடியாது. மூன்றும் சேர்ந்திருந்தால் அது பின்னடைவு அல்ல என்பது அவர் கருத்து. செபத்தில் சுவை போய் செல்போனில் மட்டும் சுவை இருந்தால் அது வெறும் அசட்டை.

தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பவில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்ட இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் கொடுத்தது போதனை அல்ல, சுட்ட அடையும் தண்ணீரும், நடுவில் தூக்கமும்.

கிருபை_போதும்
புள்ளி, கோடு, நோட்டு, கணக்கு... இதெல்லாம் நம்ம முயற்சியால இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்க்கிற கிரியைகள் இல்லையா? வளரச் செய்கிறவர் தேவன்னு 1 கொரிந்தியர் 3-லயே இருக்கே.

நிருபங்கள்_வாசகன்
இருக்கிறது பிரதர். அதே இடத்தில் நட்டவனும் நீர்ப்பாய்ச்சினவனும் இருக்கிறார்கள். இரட்சிப்பைச் சம்பாதிக்கவென்று புள்ளி வைத்தால் தவறுதான். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: புள்ளி குறைந்த வாரத்தில் அடுத்தவரை மட்டமாக நினைக்கிறோமா, கூடின வாரத்தில் திருவிருந்துக்குப் போகாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறோமா? இரண்டில் ஒன்று நடந்தால் நோட்டை மூடிவைக்கலாம்.

கிராமசபை_உபதேசி
தனியாக எதுவும் நிலைக்காது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரிந்து ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள்தான், சிலர் ஒழுங்காக நடக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது அப்படித்தான்.

சகோதரிக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் போதும். வாரம் ஒரு மணி நேரம், நேரில். வாட்ஸ்அப் குழுவில் "ஆமென்" போடுவது இதற்கு ஈடாகாது. ஒவ்வொருவரும் போன வாரம் எழுதின அந்த ஒரு வாக்கியத்தைச் செய்தார்களா என்று சொல்ல வேண்டும். இது கெடுவது "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை நுழையும்போது. அங்கே இல்லாதவர் பேர் வந்தால் நிறுத்துவது என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள்.

உபவாசம் சேர்ப்பதாக இருந்தால் ஒரு வேளை போதும், தண்ணீர் குடிக்கலாம். அந்தச் சாப்பாட்டு நேரம் ஜெபத்துக்கு, மிச்சப்பட்ட காசு இல்லாதவருக்கு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. உபவாச நாளில் வீட்டில் எரிந்து விழுந்தால், உபவாசம் இருந்துகொண்டே சண்டை போடுவதைக் கண்டிக்கும் ஏசாயா 58:4-ஐ வாசித்துவிட்டுச் சாப்பிட்டுவிடலாம்.

பெத்தானியா_23
ரொம்ப நன்றி. கோபத்துக்குப் புள்ளி, புதிய ஏற்பாடு ஒரு அதிகாரம், சங்கீதம் மூணையும் எடுத்துக்கிறேன். ஒரு சந்தேகம்: 29-ஆம் தேதி கூட்டிப் பார்த்தா 119 வருதே, 176 வசனம்?

பென்சிலும்_வேதமும்
அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள், அன்றைக்கு வேறு சங்கீதம் இல்லை. 31 இல்லாத மாசத்தில் அந்தச் சங்கீதத்தை எட்டெட்டு வசனமாக 22 நாள் வாசிக்கலாம், அது எழுதப்பட்டிருப்பதே அப்படித்தான். அப்புறம் மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் மாசம் புதிய ஏற்பாடு மட்டும்.