நினைவாற்றல், டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) ஆய்வுகளிலும் சோதனைகளிலும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
முதியோர் நினைவாற்றல் ஆய்வு ஒன்றில் தன்னார்வலராகக் கலந்துகொண்டேன். திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும்; நடுவில் விலங்கின் பெயர் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். குதிரை வந்தது, யானை வந்தது, நான் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் அநேகமாக எதையும் விடவில்லையாம். எனக்கோ எரிச்சல். ரத்த அழுத்த மாத்திரையும் மின்கட்டணத்தின் கடைசித் தேதியும் எங்கள் வீட்டில் என் பொறுப்பு, தவறவிட்டதில்லை. ஆய்வு மாணவி அதைக் கேட்டுச் சிரித்தார். பீட்டர் ரெண்டெல் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டிய முரண்தானாம் இது: ஆய்வகத்தில் இளைஞர்களிடம் தோற்கும் முதியவர்கள், குறித்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்வது போன்ற அன்றாடக் காரியங்களில் அவர்களை முந்திவிடுகிறார்கள். காரணம் குறித்து இன்னும் வாதம் நடக்கிறது. பழக்கம்தான் என்பது என் கட்சி.

சென்னை, சிறப்பாசிரியை:
என் அனுபவம் மறுகோடியில். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பச்சை மையில் ‘சிவப்பு’ என்று அச்சிட்டிருக்கும். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு அந்தச் சொல் தொந்தரவு தராது என்றுதானே நினைப்போம்? என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒவ்வோர் அட்டையிலும் ‘சி…’ என்று தொடங்கி, உதட்டைக் கடித்து, பிறகுதான் ‘பச்சை’ என்றான். கிரேக்கப் பிள்ளைகளிடம் புரோட்டோபாபாஸ் குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கே சொல்லின் இடையூறு அதிகம். மனக்கட்டுப்பாட்டுக் குறை மட்டும் காரணமல்ல, வாசிப்புத் திறனுக்கே நேரடிப் பங்குண்டு என்றார்கள் அவர்கள். சொல் மெதுவாகப் பிடிபடுவதால் மெதுவாகவே விலகுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இதை அறியாமல் ‘கவனம் போதாது’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

கோவை, ஐடி ஊழியர்:
மேடம், கவனக்குறைவும் மிகைச்செயலும் (ADHD) டிஸ்லெக்சியாவோடு சேர்ந்தே பலருக்கு இருக்கிறதே? எனக்கு இரண்டும் உண்டு. எது எதைக் கெடுக்கிறது என்று எப்படிப் பிரிப்பார்கள்?

சென்னை, சிறப்பாசிரியை:
ஒரே சோதனையை வைத்துப் பிரிக்க முடியாது, தம்பி. சொல்லே இல்லாத சோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அம்புக்குறிகளை வைத்துச் செய்வது அப்படிப்பட்டது. அதில் நன்றாகச் செய்து, சொல் வந்தால் மட்டும் தடுமாறினால் வாசிப்பின் பக்கம் சந்தேகம் போகும்.

மதுரை, இல்லத்தரசி:
அம்மாவுக்கு மோகா (MoCA) என்ற நினைவு, சிந்தனைத் திறன் பரிசோதனை செய்தார்கள். மொத்தம் 30 மதிப்பெண். முதலில் சொன்ன 5 சொற்களைச் சில நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டுதான் வந்தன. ‘அது ஒரு பூ’ என்று குறிப்புக் கொடுத்ததும் இன்னொன்றைச் சொல்லிவிட்டார். குறிப்போடு சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் மருத்துவர் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார்: சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிரமம் என்று அது காட்டுமாம். வெறும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து நான் பதறியிருப்பேன்.

திருச்சி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
எந்த நேரத்தில் அழைத்துப்போனீர்கள் அம்மா? முதியவர்களுக்குக் காலையிலும் கல்லூரி வயதினருக்குப் பிற்பகலிலும் நினைவு நன்றாக வேலைசெய்வதாக 1993இலேயே சிந்தியா மே, லின் ஹாஷர் என்ற உளவியல் ஆய்வாளர்களின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள்.

மதுரை, இல்லத்தரசி:
மாலை ஐந்து மணிக்கு, ஐயா. காத்திருந்ததில் அம்மா பாதி தூக்கத்தில் இருந்தார். அடுத்த முறை காலை நேரமே கேட்கிறேன்.