ஜன்னல் கண்ணாடி துடைக்கிற தொழில்: 2000 நோட்டீஸுக்கு மூணு போன்தான் வந்துச்சு

கணபதி பையன்:

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில இருக்கேன், வயசு 27. நாலு வருஷம் ஒரு ஐடி பில்டிங்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருந்தேன். காண்ட்ராக்ட் வேற ஆளுக்குப் போனதுல எங்க டீம் மொத்தத்தையும் அனுப்பிட்டாங்க. கண்ணாடி துடைக்கிறது நல்லா வரும்ங்கிற தைரியத்துல வீடு வீடாப் போய் ஜன்னல் கிளீன் பண்ற தொழில் ஆரம்பிச்சிருக்கேன். பி.எஃப். காசு 45,000. அதுல பாதி காலி.

வாங்குனது: 14 இஞ்ச் வைப்பர் ரெண்டு, 12 அடி அலுமினிய ஏணி, நீளமா இழுக்கிற கம்பு ஒண்ணு, மைக்ரோஃபைபர் துணி இருபது. வண்டி பழைய எக்ஸெல்.

2000 நோட்டீஸ் அடிச்சு, பேப்பர் போடற பையன்கிட்ட குடுத்து கணபதி, சரவணம்பட்டி முழுக்கப் போட்டேன். மூணே போன். ஒருத்தர் செப்டிக் டேங்க் கிளீன் பண்ணுவீங்களான்னு கேட்டார். இன்னொருத்தர் உடைஞ்ச கண்ணாடி மாத்தணும்னார். மூணாவது ஒரு அம்மா, ரேட்டைச் சொன்னதும், "எங்க வீட்டு வேலைக்கு வர்ற ஆயா 200 ரூபாய்க்கு வீடு பூரா துடைக்குமேப்பா"ன்னு வெச்சுட்டாங்க.

முதல் கஸ்டமரை எப்படிங்க பிடிக்கிறது? ரேட் எப்படிப் போடறது? ஜிஎஸ்டி வேணுமா? இந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க. மாமனார் வீட்ல "சொன்னமில்ல"ங்கிற பார்வை ஆரம்பிச்சிருச்சு.

ஏணிக்காரர்:

தம்பி, நோட்டீஸ் காசு போனது போகட்டும். 2018-ல நான் 3000 அடிச்சேன். மிச்சமானதோட பின்பக்கத்துல என் சம்சாரம் ஒன்றரை வருஷம் மளிகைக் கணக்கு எழுதுச்சு.

உங்களுக்கு வந்த மூணாவது போன்லதான் விஷயமே இருக்குது. நம்மூர்ல ஜன்னல் துடைக்கன்னு தனியா ஆரும் காசு எடுத்து வெக்க மாட்டாங்க. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வேலைக்கு வர்ற அம்மாவே ஈரத்துணில ஒரு இழுப்பு இழுத்து முடிச்சிரும். அந்தம்மாவோட போட்டிக்குப் போகாதீங்க, அவங்க பொழப்பு அது. அவங்களால முடியாததை எடுத்துக்கோங்க. உப்புக் கறை, கொசுவலை, கை எட்டாத கண்ணாடி. நான் இப்ப ஆரு கேட்டாலும் "உப்புக் கறை எடுக்கறேன்"னுதான் சொல்றது. ஜன்னல்ங்கிற பேச்சையே எடுக்கறதில்ல.

சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் அபார்ட்மெண்ட்ல புழங்கறதுக்கு பெரும்பாலும் போர் தண்ணி. தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, சில நூறு ரூபாய்தான். சிறுவாணித் தண்ணியில வெச்சா ரெண்டு இலக்கம் காட்டும். நான் வாடிக்கையாப் போற ஒரு அபார்ட்மெண்ட் போர் தண்ணியில 1400 காட்டுச்சு. செடிக்கு ஊத்தறது, பால்கனி கழுவறது எல்லாம் கண்ணாடியில தெறிக்குது. வெயில்ல தண்ணி ஆவியாப் போயிருது, சுண்ணாம்பு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. சோப்புப் போட்டு நாள் பூராத் தேச்சாலும் அசையாது. அது கல்லு. புளிப்புக்குத்தான் கரையும்.

மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு கிடைக்கும், சிட்ரிக் ஆசிட்தான் அது. லிட்டருக்கு 50 கிராம் கலக்குங்க. பழைய துணியை அதுல நனைச்சு கண்ணாடி மேலயே ஒட்டி விடுங்க, ஸ்ப்ரே பண்ணுனா வடிஞ்சு போயிரும். பத்து நிமிஷம் கழிச்சு கீறாத வெள்ளை ஸ்க்ரப் பேட்ல தேச்சுக் கழுவி வைப்பர் போடுங்க. கழுவற தண்ணி நல்ல தண்ணியா இருக்கோணும். அவங்க வீட்டு போர் தண்ணியையே ஊத்துனா மறுநாள் காலைல புள்ளி புள்ளியா வந்து நின்னுட்டு போன் வரும். நான் எங்க வீட்டுச் சிறுவாணித் தண்ணியை 20 லிட்டர் கேன்ல எக்ஸெல் முன்னாடி வெச்சுக் கொண்டு போறேன்.

பாத்ரூம் ஆசிட்டை மட்டும் கையில தொடாதீங்க. கண்ணாடி தப்பிச்சாலும் அலுமினிய பிரேம் வெளுத்துரும், கீழ கிரானைட்ல பட்டா பாலிஷ் மங்கிப் போகலாம். எலுமிச்சை உப்பும் மார்பிளை அரிக்கும், கீழ துணி போட்டுக்கோங்க. முகம் தெரியற மாதிரி பளபளன்னு இருக்கிற கண்ணாடின்னா சில இதுல பூச்சு வெளிப்பக்கமே இருக்கும். மூலையில ஒரு பைசா அளவுக்குப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் இறங்குங்க.

14 இஞ்ச் வைப்பர் ஐடி பில்டிங்குக்கு. வீட்ல கிரில்லு இருக்குதே! கம்பிக்கு நடுவுல கையை விட்டுத்தான் துடைக்கோணும். 6 இஞ்ச் ஒண்ணு, 10 இஞ்ச் ஒண்ணு வாங்குங்க. ஸ்லைடிங் ட்ராக்குக்கு பழைய டூத் பிரஷ்ஷும் பெயிண்ட் பிரஷ்ஷும் போதும். கொசுவலை ஷட்டரைக் கழட்டி பாத்ரூம்ல படுக்க வெச்சுக் கழுவுங்க. கண்ணாடி ஷட்டரை மாடியில கழட்டாதீங்க, கை வழுக்குச்சுன்னா கீழ ஆரு நிக்கறாங்கன்னு தெரியாது.

இனி கஸ்டமர். எனக்கு முதல் ஆள் வந்தது பேக்கரியில இருந்து. நம்மூர்ல பேக்கரிக்குப் போகாத மனுசன் ஏது? காலைல ஆறு மணிக்கு டீ குடிக்கப் போனப்ப ஓனர்கிட்ட கேட்டு முன்பக்கக் கண்ணாடியில சரிபாதி மட்டும் சுத்தம் பண்ணேன். மீதியை அப்படியே விட்டுட்டேன். நடுவுல கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு. "ஏப்பா, மீதிய ஏன் விட்டே?"ன்னு ஓனர் திட்டினார். "சாயந்தரம் வரைக்கும் இருக்கட்டுங்ணா"ன்னேன். அன்னைக்கு டீ குடிச்ச அத்தனை பேரும் அதைக் கேட்டிருக்காங்க. சாயந்தரம் மீதியை முடிச்சுட்டு என் நம்பரை கல்லாவுல ஒட்டிட்டு வந்தேன். அந்த வாரம் ரெண்டு வீடு. அந்த பேக்கரிக்கு இன்னைக்கும் வாரம் ஒருக்கா போறேன். 100 ரூபாயும் ஒரு டீயும் தேங்காய் பன்னும்.

அடுத்து அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளிய இஸ்திரி வண்டி வெச்சிருக்காரு பாருங்க, அவர். எந்த வீட்ல ஆரு குடி வந்தாங்க, ஆரு வீட்ல விசேஷம்னு செக்யூரிட்டிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். நான் கமிஷன் பேசலை, அவர் வீட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சுக் குடுத்தேன். எனக்கு வந்த வேலையில கால்வாசி அந்த வண்டிக்காரர் சொல்லி வந்தது.

மூணாவது, யுபிவிசி (பிளாஸ்டிக் பிரேம்) ஜன்னல் மாட்டற பசங்க. புது வீடு ஒப்படைக்கறப்ப கண்ணாடி பூரா பெயிண்ட், சிமெண்ட் தெறிப்பு, டேப் பசை. அவங்களுக்கு அந்த வேலை சள்ளை. நம்பரைக் குடுத்து வெச்சீங்கன்னா கூப்பிடுவாங்க. ஆனா பிளேடு போடறதுக்கு முன்னால கண்ணாடியை வீடியோ எடுத்துக்கோங்க. டஃபண்ட் கிளாஸ்ல (சூடு பண்ணி உறுதியாக்குன கண்ணாடி) சிலதுல பேக்டரியிலயே பொடித் துகள் ஒட்டியிருக்கும். பிளேடு அதை இழுத்துக்கிட்டு நீளமாக் கீறும், பழி உங்க மேல. எனக்கு ஒரு வில்லாவுல 11,000 போச்சு. அந்தக் கதை வேண்டாம்.

ரேட்டு: சாதா ஜன்னல் கொசுவலையோட 200, வலை இல்லாம 150. உப்புக் கறை சதுர அடிக்கு 15 தனி. எந்த வீடானாலும் 800-க்குக் கீழ போறதில்ல, பெட்ரோலும் அரை நாளும் போகுதே. ஜிஎஸ்டி இப்ப வேண்டாம், சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் தாண்டுனாத்தான். சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவு உத்யம், அதை ஆதார் வெச்சு ஆன்லைன்ல நீங்களே போட்டுக்கலாம், இலவசம். அதுக்குக் காசு கேக்கற சைட்டுக்குள்ள போயிராதீங்க.

கடைசியா அந்த அலுமினியக் கம்பும் ஏணியும். நம்ம வீதிகள்ல ஈபி லைன் மொட்டை மாடிய ஒட்டித்தான் போகுது. கம்பை நீட்டறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க. முடிஞ்சா ஃபைபர் கிளாஸ் கம்பு, ஃபைபர் கிளாஸ் ஏணி மாத்திருங்க. சன்ஷேடு மேல ஏறி நின்னு துடைக்கவே கூடாது, அது மழைக்குக் கட்டுனது, ஆளுக்கில்ல. பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்கு பிரதமர் சுரக்ஷா பீமா இருக்குது, விபத்துல உசுரு போனா 2 லட்சம். உங்களுக்கும் கூட வர்ற ஆளுக்கும் இன்னைக்கே போட்டுருங்க.

வடவள்ளி செகரட்டரி:

நான் 96 வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலாளர். கேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாதம் பத்துப் பேராவது விசிட்டிங் கார்டோடு வருகிறார்கள். எல்லாம் செக்யூரிட்டியின் மேசை டிராயருக்குள் போய்விடும். வீட்டுக்காரர் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, வேலை பிடித்து, அவரே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படம் போட்டால்தான் கதவு திறக்கும். நீங்களே குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அந்த நிமிடமே "விளம்பரம்" என்று ஆகிவிடும்.

பெரும்பாலான புகார் தண்ணீரால் வரும். மூன்றாம் மாடியில் துடைத்த அழுக்குத் தண்ணீர் இரண்டாம் மாடியில் காயப்போட்ட வேட்டியில் சொட்டியது. அந்தப் பஞ்சாயத்து எங்கள் பொதுக்குழு வரைக்கும் வந்தது. கீழ்வீட்டு மணியை அடித்து, "துணியை எடுத்துக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கிற ஆளை நான் மறக்க மாட்டேன்.

ஒரு முறை ஒரு காண்ட்ராக்டரின் ஆட்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டி இறங்கப் பார்த்தார்கள். நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம். கயிற்று வேலைக்கு முறையான பயிற்சியும் கயிற்றைக் கட்டத் தனி நங்கூரமும் வேண்டும். அது உங்கள் தொழில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எங்களுக்கு நம்பிக்கை கூடும். லாபி, ஜிம் கண்ணாடிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று எழுத்தில் ஒரு கொட்டேஷன் கொடுங்கள். சங்கத்தில் பணம் வர ஒரு மாதம் ஆகும், அதை நம்பி வாடகை கட்டாதீர்கள்.

ஆர்எஸ்புரம் மல்லிகா:

உங்களைப் போல ஒருத்தரைக் கூப்பிட நான் ஆறு மாசம் யோசிச்சேன். காசுக்காக இல்ல. முன்பின் தெரியாத ஆள் பெட்ரூம் வரைக்கும் வரணுமே, வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாள்ல? கடைசியில கூப்பிட்டது புருஷனும் பொண்டாட்டியுமா வந்து செய்யறவங்களை. அந்தப் பொண்ணு உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். உங்க வீட்ல சம்மதிச்சா யோசிங்க தம்பி.

இன்னொண்ணு, கர்ட்டனை யார் கழட்டறதுன்னு போன்லயே பேசிருங்க. எங்க வீட்ல கழட்டினாங்க, திருப்பி மாட்டறப்ப நாலு கொக்கி காணோம். சின்ன விஷயம்தான், ஆனா ஜன்னல் பளிச்சுன்னு ஆனது மறந்து போச்சு, கொக்கிதான் ஞாபகம் இருக்கு.

கணபதி பையன்:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு எழுதறேன்.

ஏணிக்காரரண்ணா, உங்க பேக்கரி யோசனை வேலை செஞ்சுது! ஆனா ஓனர் பாதியோட விடச் சம்மதிக்கலை, "வியாபாரத்துக்கு அபசகுனம்"னுட்டார். பக்கத்து மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் விட்டார். அங்கிருந்து ஒரு டீச்சரம்மா வீடு, அவங்க சொல்லி அதே வீதியில இன்னும் ரெண்டு. மொத்தம் 5,350. வீட்ல அவளும் ரெண்டு வேலைக்கு வந்தா. மல்லிகாக்கா சொன்னது நிஜம், அந்தம்மாங்க அவகிட்டதான் பேசறாங்க, நான் ஏணி மாதிரி ஓரமா நிக்கறேன். கொக்கியை எண்ணி டப்பாவுல போட்டு வெக்கறதும் அவதான்.

ஒரு சந்தேகம். டீச்சரம்மா வீட்ல பாத்ரூம் பக்க ஜன்னல் ரெண்டுல எலுமிச்சை உப்பு மூணு தடவை போட்டும் வெள்ளையா மூடாக்கு மாதிரி நிக்குது. ஈரமா இருக்கிறப்ப தெரியலை, காஞ்சதும் வந்துருது. பவர் கூட்டி வேற ஆசிட் போடலாமா?

ஏணிக்காரர்:

போடாதீங்க. மூணு தடவை புளிப்புப் போட்டும் போகாம, ஈரத்துல மறைஞ்சு காஞ்சதும் வந்தா அது பெரும்பாலும் கறை இல்ல, கண்ணாடியே அரிச்சுப் போயிருக்கும். வருஷக்கணக்கா உப்புத் தண்ணி நின்னு தின்ன இடம். சீரியம் ஆக்சைடு பொடி போட்டு மெஷின்ல பாலிஷ் பண்ணுனா ஓரளவுக்கு வரும். ஒரு ஜன்னலுக்கு அரை நாள் ஓடிரும், புதுக் கண்ணாடி போடறதே சல்லிசு. கடையில "எல்லாக் கறையும் போகும்"னு ஒரு பாட்டில் குடுப்பாங்க. ஹைட்ரோஃப்ளூரிக்னு போட்டிருந்தா அங்கயே வெச்சுட்டு வந்துருங்க. தோல்ல பட்டா சில சமயம் அப்ப எரியாது, ஆனா உள்ள எலும்பு வரைக்கும் போயிரும்.

டீச்சரம்மாகிட்ட அந்த ரெண்டு கண்ணாடிக்குக் காசு வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துருங்க. இனிமே போற வீட்ல, ரேட் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூலையில எலுமிச்சை உப்பு போட்டுத் துடைச்சு, காயற வரைக்கும் நின்னு பாருங்க. அப்புறம் ஒண்ணு, ஆடிக் காத்துல புழுதி அடிக்கறப்ப வேலை ஆகாது, கண்ணாடி ரெண்டே நாள்ல பழையபடி ஆயிரும். அந்த மாசம் கொசுவலை வேலை எடுங்க. ஆவணி பொறந்ததும் பழைய கஸ்டமர் எல்லாத்துக்கும் ஒரு மெசேஜ் தட்டிருங்க. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னாடி கூப்பிடறவங்களுக்கு என்கிட்டயே தேதி இருக்காது, கணபதிப் பக்கம் வர்றதை உங்களுக்குத் தள்ளி விடறேன்.