எடைக்குப் போடுவதா, பரணில் ஏற்றுவதா: பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்கள்

வேளச்சேரி மருமகள் (கேள்வி):

மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மூன்று வருடம் முன்பு விழுப்புரத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்தோம். லாரியில் ஏற்றியதில் கட்டில், பீரோவுக்கு அடுத்தபடி கனமாக இருந்தவை நான்கு சாக்கு நிறையப் பள்ளிக் காகிதங்கள்தாம். இப்போது அவை ஆறு சாக்குகளாகிவிட்டன.

2012-இல் முப்பருவ முறை வந்தபோது பிள்ளைகளின் புத்தகப்பை இலேசாகும் என்றார்கள். இலேசானது உண்மைதான். ஆனால் பருவத்துக்கு ஒரு கட்டாக, வருடத்துக்கு மூன்று கட்டுப் புத்தகங்கள் பரணுக்குப் போகின்றன. கூடவே நான்கு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, பத்துப் பக்கம் எழுதிவிட்டுக் கைவிட்ட ரஃப் நோட்டு, கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் எரிமலை என்று எல்லாம் சேர்கின்றன. எரிமலையின் மேல் பல்லி குடியிருக்கிறது.

எறியலாம் என்றால் மாமியார் விடுவதில்லை. காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். போன ஆயுத பூஜையன்று பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு முழுவதையும் சுவாமி முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுவிட்டார். பொட்டு வைத்த தாளை எப்படி எறிவது? போகிக்குக் கொளுத்திவிடலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். "சரஸ்வதியைக் கொளுத்துவாயாடா?" என்று ஒரே கேள்வி. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

சென்ற மாதம் மாமியார் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று ஒரு சாக்கைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். அவர் திரும்பி வந்த வாரத்தில் என் கணவர் தெருமுனைக் கடையிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் என் மகனின் அறிவியல் தாள்! பெயர், வகுப்பு, பிரிவு, இருபதுக்கு எட்டு மதிப்பெண், எல்லாம் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று தெரிந்தன. மாமியார் பேரனின் கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அன்று வீட்டில் பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

கேட்க வந்தது இதுதான். எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும், எவற்றைத் தைரியமாகப் போட்டுவிடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

—

கோவைக்காரி:

பஜ்ஜிக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எடைக்குப் போடும் முன் பெயர் எழுதிய முதல் பக்கத்தையும் நோட்டு லேபிளையும் கிழித்து எடுத்துவிடுங்கள். கிழித்ததைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் செடிக்குப் போட்டுவிடுவது என் பழக்கம்.

எழுதாத பக்கங்களை ஏன் பரணில் ஏற்றுகிறீர்கள்? மே மாதம் அவற்றைப் பிரித்தெடுத்து, கோடு போட்டவை தனியாக, கோடு இல்லாதவை தனியாக அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுங்கள். தடித்த அட்டை போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ரஃப் நோட்டு கடையில் வாங்கிப் பல வருடம் ஆகிறது. காலிப் பக்கத்துக்குச் சாபம் எதுவும் இல்லை என்று உங்கள் மாமியாரிடமும் சொல்லிவிடலாம்.

—

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: வகுப்புத் தேர்வுத் தாளை எந்தக் காலத்திலும் யாரும் உங்களிடம் திரும்பக் கேட்கப்போவதில்லை. மதிப்பெண் அட்டை கைக்கு வரும்வரை மட்டும் வைத்திருங்கள். கூட்டல் பிழை நடக்கும், நானே செய்திருக்கிறேன். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்றே அந்தத் தாளின் ஆயுள் முடிந்தது.

ஆனால் சாக்கைக் கவிழ்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்களா? தமிழ்நாட்டு அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதற்குப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். இருபத்தைந்து வயது இளைஞர்கள் ஒன்றாம் வகுப்புச் சான்றுக்காக என் அறை வாசலில் நின்றிருக்கிறார்கள். சேர்க்கை எண்ணோடு வந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "நான் ஒல்லியாக இருப்பேன் சார், முன் பெஞ்சு" என்று சொன்னவருக்காகச் சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தப் பழைய பதிவேட்டின் ஓரங்கள் அப்பளம்போல் நொறுங்கும். தேடி எடுப்பதற்குள் மாலை மணி அடித்துவிடும்.

பலர் தவறவிடுவது மாற்றுச் சான்றிதழை. மூலத்தை அடுத்த பள்ளியில் கொடுத்துவிடுகிறோம், பிறகு அது நம் கைக்கு வருவதில்லை. கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்து வைப்பவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சேர்க்கை எண் அதில் இருக்கிறது. பழைய மதிப்பெண் அட்டையிலும் பல பள்ளிகளில் எழுதியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு வருடத்து மதிப்பெண் அட்டையையும் வையுங்கள், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழுடன் ஒரே ஃபைலில். அரசுப் பள்ளி என்றால் இது இன்னும் முக்கியம்: மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும்.

பின்னால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போது ஆசையாக லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும்.

—

முடிச்சூர் வாசி:

ஐயா சொன்னது சரிதான். ஆனாலும் கொஞ்சம் மாறுபடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. சான்றிதழ்கள் எல்லாம் போயின. ஆனால் அப்போது அரசாங்கம் சிறப்பு முகாம்கள் போட்டது, அலைந்து திரிந்து எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிவிட்டோம். என் தங்கை இரண்டாம் வகுப்பில் வரைந்த எங்கள் தாத்தாவின் படத்துக்கு நகல் கொடுக்க எந்த முகாமும் இல்லை. தாத்தாவுக்கு அவள் ஆறு விரல் போட்டிருந்தாள்.

பிள்ளைக்கு வருடத்துக்கு நான்கைந்து படமாவது எடுத்து வையுங்கள் அக்கா. ஃபைலை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு உயரத்தில் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

—

வேளச்சேரி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியர் ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இருவரும் தமிழ் வழிதான். மகள் முதல் மூன்று வகுப்பு விழுப்புரத்தில் படித்தாள். மாற்றுச் சான்றிதழை இங்கே சேர்க்கும்போது கொடுத்தோம், நகல் எடுக்கவில்லை. மதிப்பெண் அட்டைகள் நான் எடைக்குப் போட்ட சாக்கில் இருந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து சாக்கையும் இறக்கினோம். தும்மல், இராமபாணப் பூச்சி, பல்லி முட்டை. மூன்று மணி நேரம் தேடியும் அட்டைகள் இல்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைசியில் "எதைத் தேடுகிறாய்?" என்றார். சொன்னேன். எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். மூன்று வகுப்பு அட்டைகளும் அதில் இருந்தன, வசம்புத் துண்டோடு. சேர்க்கை எண்ணும் இருந்தது. "ரேங்க் கார்டை யாராவது சாக்கில் போடுவார்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

அந்தச் சூட்டோடு பேரமும் பேசி முடித்தோம். பொட்டு வைத்த கட்டு இருக்கும், ஓவியங்களில் அவர் தேர்ந்தெடுத்தவை இருக்கும், மற்றவற்றைப் போடலாம். ஆனால் பெயர் உள்ள பக்கங்களை அவரே உட்கார்ந்து கிழிப்பாராம், என்மேல் நம்பிக்கை இல்லை. இதுவரை ஒன்றரைச் சாக்கு முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறார். எரிமலையைப் பற்றிப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.