இந்த வருசப் போன்சாய் போட்டிக்கு என்ன தலைப்பு?

குழு: கரையோர மாடித்தோட்டம்

உச்சிப்புளி தம்பி, 7.05
எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசி முடியுறதுக்குள்ள தலைப்பை முடிவு பண்ணினாத்தான் அடைமழைக்கு முன்னாடி தொட்டி மாத்த முடியும். என் ஓட்டு “கல்லைக் கவ்விய வேர்”.

கீழக்கரை லாத்தா, 7.09
ஆவணியோட போட்டி முடியுது தம்பி. மொத்தமே பத்துப் பதினோரு மாசம். வேரைக் கல்லு மேல பிரிச்சுப் படிய வச்சு, நாடாவால இறுக்கிக் கட்டி, ஆழத் தொட்டியில கல்லோட புதைக்கணும். வேர் கல்லை ஒட்டித் தடிக்க ரெண்டு வருசமாவது ஆகும். அவசரப்பட்டு ஆறே மாசத்துல மண்ணை விலக்கினா வேர் நூலாட்டம் இருக்கும், வெயில் பட்டதும் காஞ்சிரும்.

பாம்பன் அண்ணன், 7.14
கல்லுன்னதும் ஒண்ணு சொல்லிடுறேன். கரையில ஒதுங்கின பவளக்கல்லை யாரும் எடுக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளம் முதல் அட்டவணையில இருக்கு. செடிக்கும் அது ஆகாது. சுண்ணாம்புக் கல்லு, மண்ணுல காரம் ஏறும், இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாது. புதுத் தளிர்ல நரம்பு மட்டும் பச்சையா நின்னு மத்த இடமெல்லாம் மஞ்சளாயிரும்.

தங்கச்சிமடம் சித்தி, 7.16
அப்ப உடைமரம் வைப்போமே. விரிச்ச குடை மாதிரி நிக்கும், நம்ம கரைக்குன்னே உள்ள மரம்.

பாம்பன் அண்ணன், 7.21
எனக்கும் ஆசைதான் சித்தி. ஆனா விதையில இருந்து வந்தா பத்து மாசத்துல அடிமரம்னு சொல்ல ஒண்ணும் இருக்காது. வளந்த கன்னைத் தோண்டினா ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுப் போகும். அடுத்த போட்டிக்கு இப்பவே விதை போடுவோம். கொதிச்ச தண்ணியை இறக்கி விதை மேல ஊத்தி, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. ஊதின விதையை மட்டும் ஊணுங்க, ஊதாததுக்கு மறுபடியும் சுடுதண்ணி.

தேவிபட்டினம் மாமா, 7.28
மரத்தைத் தலைப்பா வச்சா, அது கிடைக்காதவங்க ஒதுங்கிருவாங்க. உருவத்தைத் தலைப்பா வைப்போம். “கச்சான்ல சாஞ்ச மரம்”. கச்சான்னா தென்மேற்குக் காத்து. கரையில நிக்கிற மரங்களைப் பாத்தாலே எல்லாருக்கும் மாதிரி கிடைச்சிரும். பத்து மாசத்துல கம்பி சுத்தி வளைச்சு அந்த உருவத்தை ஓரளவு கொண்டுவந்துடலாம்.

கீழக்கரை லாத்தா, 7.29
இது நல்ல தலைப்பு.

உச்சிப்புளி தம்பி, 7.31
மாமா, மொட்டை மாடியில காத்துக்கு நேரா வச்சா தானா சாயாதா?

தேவிபட்டினம் மாமா, 7.43
சாயாது தம்பி. கரையில மரம் அப்படி ஆகுறதுக்கு காத்து தள்ளுறது மட்டும் காரணமில்ல. காத்து வர்ற பக்கத்து மொட்டுல உப்புச் சாரல் படிஞ்சு, ஈரமும் வத்தி, மொட்டு கருகிப்போகுது. மறைவுப் பக்கத்து மொட்டு மட்டும் பிழைச்சு வளருது. வருசக்கணக்கா இப்படி நடந்துதான் மரம் ஒரே பக்கமா ஓடுது. தொட்டிச் செடிக்கு அந்த அவகாசம் இல்ல, ரெண்டு அங்குல மண்ணு மத்தியானத்துக்குள்ள காஞ்சு வேரே போயிரும். அதனால வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் செடியைக் கைப்பிடிச் சுவருக்கு மறைவுல வைங்க. சாய்வை நாமதான் கம்பியால கொண்டுவரணும்.

இதுல நிறையப் பேர் செய்யுற தப்பு, அடிமரத்தை நேரா விட்டுட்டு கிளையை மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது. பாத்தா கிழிஞ்ச கொடி மாதிரி இருக்கும். அடிமரம் வேர்ல இருந்தே சாயணும். தொட்டி மாத்தும்போதே செடியைச் சாய்ச்சு நட்டு, வடிகால் ஓட்டை வழியா கம்பி விட்டு வேரைத் தொட்டியோட கட்டிருங்க. ஆடுற செடியில புது வேர் பிடிக்காது. இன்னொரு தப்பு, காத்து வர்ற பக்கத்துக் கிளையை மொத்தமா வெட்டுறது. ரெண்டு மூணை விட்டு வச்சு, அடிமரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் சுத்தி எதிர்ப்பக்கம் திருப்புங்க. அந்தத் திருப்பத்துலதான் காத்தோட பலம் தெரியும். எல்லாக் கிளையும் ஒரே நீளத்துல இருந்தா சீப்பு மாதிரி ஆயிரும், நீட்டி, குறைச்சு விடுங்க.

தங்கச்சிமடம் சித்தி, 7.46
தொட்டியில எங்க நடணும்?

தேவிபட்டினம் மாமா, 7.47
காத்து வர்ற பக்கத்து ஓரமா, மூணுல ஒரு பங்கு தள்ளி. கிளை ஓடுற பக்கம் வெறும் மண்ணு நிறையத் தெரியணும்.

பாம்பன் அண்ணன், 7.52
செடிக்கு என் கணக்கு: இச்சி முதல்ல, ஆலமர வகைதான். பழைய சுவர்ல முளைச்ச கன்னு இருந்தா, சுவருக்கும் நல்லது நமக்கும் நல்லது. வேரை வெட்டினாலும் தாங்கும். அடுத்து காகிதப்பூ, ஆனா முத்தின கிளை படக்குனு ஒடியும், பச்சைக் கிளையில மட்டும் கம்பி சுத்துங்க, தொட்டி மாத்தும்போது வேர்க்கட்டியை உதறாதீங்க. கொடுக்காப்புளி, விளா ரெண்டும் சரி. பூவரசு வேண்டாம். இலை உள்ளங்கை அகலம், ஒரு அடி மரத்துல மரமாவே தெரியாது.

கீழக்கரை லாத்தா, 7.58
மண்ணுக்கு: 3 முதல் 5 மி.மீ. வரை சலிச்ச செங்கல் ஜல்லி 2 பங்கு, கரட்டு ஆத்துமணல் 1, மக்கின தொழு உரம் 1. ஜல்லித் தூசியை அலசி எறியணும், இல்லன்னா அது அடியில சேறாகி ஐப்பசி மழையில வேர் அழுகும். கடல் மணல் கூடாது, உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இருக்கு. தென்னைநார்த் தூளுன்னா மூணு தடவை நல்ல தண்ணியில ஊறப்போட்டுப் பிழிஞ்சுதான் சேக்கணும்.

போர் தண்ணியை நம்பாதீங்க. தொட்டி விளிம்புல வெள்ளை பூத்தா உப்பு ஏறுதுன்னு அர்த்தம். வாரம் ஒரு தடவை, தொட்டி கொள்ளுற அளவுல மூணு மடங்கு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில வழிய விடுங்க. மழைத்தண்ணி பிடிச்சு வச்சா ரொம்ப நல்லது. அந்தியில இலையையும் கழுவி விடணும், உப்புக்காத்துல ஓரம் கருகாது.

உச்சிப்புளி தம்பி, 8.03
அப்ப விதியை எழுதிடுறேன். உயரம் மண்ணுல இருந்து 12 அங்குலத்துக்குள்ள, அகலம் அவங்கவங்க விருப்பம். செடி விலை 150 ரூபாய்க்குள்ள. மாசம் ஒண்ணாந்தேதி, ஒரே பக்கத்துல இருந்து, அளவுகோல் பக்கத்துல வச்சுப் படம். மதிப்பெண் 50: அடிமரச் சாய்வு 20, கிளையோட்டம் 15, செடியோட ஆரோக்கியம் 15. சரியா?

தங்கச்சிமடம் சித்தி, 8.04
ஆரோக்கியத்துக்கு 20 குடுங்க தம்பி. கம்பி கட்டியே கொன்னுட்டுப் பரிசு வாங்கக் கூடாது. கிளையோட்டத்துக்கு 10 போதும்.

தேவிபட்டினம் மாமா, 8.05
சித்தி சொல்றது சரி.

உச்சிப்புளி தம்பி, 8.06
மாத்திட்டேன். கம்பி எந்தக் கனம் வாங்க?

பாம்பன் அண்ணன், 8.11
அலுமினியம். கிளைக் கனத்துல மூணுல ஒரு பங்கு. 1.5, 2, 3 மி.மீ. மூணும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்க. 45 பாகை சாய்வுல சுத்தணும், நெருக்கிச் சுத்தினா பிடிக்காது. வேர் பிடிக்கிற முதல் ஆறு வாரம் கம்பியும் கிடையாது, இலை கிள்ளுறதும் கிடையாது. கார்த்திகையில ஆரம்பிச்சாப் போதும். இச்சி வேகமாத் தடிக்கும், மூணு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க. கம்பி பட்டையில பதிய ஆரம்பிச்சா உடனே எடுக்கணும், பிரிச்சு எடுக்காம துண்டு துண்டா வெட்டி எடுங்க. பிரிக்கப்போனா கிளை ஒடியும்.

உச்சிப்புளி தம்பி, 8.12
சரிண்ணே. ஞாயித்துக்கிழமை நர்சரிக்குப் போறேன், யாருக்கெல்லாம் இச்சிக் கன்னு வேணும்னு பேர் போடுங்க.

தங்கச்சிமடம் சித்தி, 8.12
எனக்கு ரெண்டு. அடி தடிச்சதாப் பாத்து எடுங்க, உயரம் பாக்காதீங்க.